ஜவ்வு உருகாது, ஐயா

சென்ற இதழில் ஃபேசியா சிகிச்சை பற்றி வந்த நீண்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் தடவை, எழுதியவருக்குத் தன் தொழில்மேல் இருக்கும் பக்தி கண்ணில் பட்டது. இரண்டாம் தடவை பென்சிலோடு உட்கார்ந்தேன். பக்தியைக் கழித்துப் பார்த்தால் கட்டுரையில் எதுவும் தேறவில்லை.

அவருடைய வாதத்தை அவர் சொன்ன வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். திரித்துவிட்டேன் என்ற பேச்சு பின்னால் வேண்டாம். தசைகளையும் உறுப்புகளையும் சுற்றிப் போர்த்தியிருக்கும் வெண்ணிறச் சவ்வுதான் ஃபேசியா. கோணலாக உட்கார்ந்து, கோணலாக நின்று, மொபைலைக் குனிந்து பார்த்துப் பார்த்து இந்தச் சவ்வு இறுகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய சவ்வு உடம்பை ஒரு பக்கமாக இழுக்கிறது. அந்தக் கோணல்தான் தீராத கழுத்துவலிக்கும் இடுப்புவலிக்கும் மூலம். பயிற்சி பெற்றவர் விரலாலும் முழங்கையாலும் ஆழமாக அழுத்தினால் சவ்வு உருகிப் பிரியும். பத்து அமர்வுகளில் உடம்பு நூல் பிடித்தாற்போல் நேராகும். வலி திரும்பி வராது. டாக்டர்கள் இதைச் சொல்லமாட்டார்கள், அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் மாத்திரையும் எம்.ஆர்.ஐ.யும்தான். ஆனால் ஹார்வர்டே ஒப்புக்கொண்டுவிட்டது. நம் சித்தர்களோ என்றைக்கோ சொல்லிவிட்டார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதில் முதல் வாக்கியம் மட்டும் உண்மை.

நானும் கையால் பிழைக்கிறவன். பிசியோதெரபி என் தொழில். காலை முதல் இரவு வரை கழுத்தையும் இடுப்பையும் தோளையும் தொட்டுப் பார்ப்பதுதான் வேலை. ஆகவே கை வைத்தால் வலி குறையாது என்று நான் சொல்லப்போவதில்லை. குறையும். கழுத்து பிடித்துக்கொண்டு வந்தவர் எழுந்து தலையை இப்படியும் அப்படியும் திருப்பி “அட, விட்டுருச்சே” என்பதை அன்றாடம் கேட்கிறேன். அந்த “விட்டுருச்சே”யில் எனக்கும் கட்டுரையாளருக்கும் சண்டை கிடையாது. எது விட்டது, எதனால் விட்டது, எத்தனை நாளைக்கு விட்டது என்பதில்தான் சண்டை. வலி குறைந்ததைக் காட்டிச் சவ்வு உருகிவிட்டதாகக் கணக்கு எழுதுகிறார் அவர். இந்தக் கணக்கை நம்பித்தான் ஜனங்கள் பத்து அமர்வுக்கும் முன்பணம் கட்டுகிறார்கள்.

உருகும் கதை எங்கிருந்து வந்தது என்பதைக் கட்டுரையாளர் சொல்லவே இல்லை. ஐடா ரோல்ஃப் என்கிற அமெரிக்கப் பெண்மணியிடமிருந்து வந்தது. 1896இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1920இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று, ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்தவர். பிறகு சோதனைக் குழாயை விட்டுவிட்டு மனித உடம்புக்கு வந்தார். 1960களில் கலிபோர்னியாவின் எசலன் மையத்தில் அவர் கற்பித்த முறை ‘ரோல்ஃபிங்’ என்ற பெயரில் பரவியது. 1971இல் கொலராடோவின் போல்டர் நகரில் அதற்கென்று ஒரு நிறுவனம் எழுந்தது. பத்து அமர்வு என்கிற கணக்கே அவர் வகுத்ததுதான். கெட்டியான கூழ், அழுத்தமும் சூடும் பட்டால் இளகுமில்லையா, ஃபேசியாவும் அப்படி இளகும் என்பது அவருடைய விளக்கம். அந்தக் காலத்துக்கு அது கெட்டிக்கார ஊகம். 1979இல் அவர் இறந்தார். ஊகத்தைச் சோதித்துப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு வந்தார்கள். நம் கட்டுரையாளர் 1979ஓடு படிப்பதை நிறுத்திக்கொண்டார் போலிருக்கிறது.

சோதித்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் ஷ்லைப் என்ற ஜெர்மானியர். அவரே ரோல்ஃபிங் செய்கிறவர், கற்றுக்கொடுக்கிறவர். கட்டுரையாளர் இவரைத்தான் தன் பக்கத்துச் சாட்சியாகக் கூப்பிடுகிறார். சாட்சி என்ன சொல்லியிருக்கிறார் என்று பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருக்கலாம். ஷ்லைப் 2003இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையின் சாரமே, கூழ் இளகுகிற விளக்கம் நிற்காது என்பதுதான். அழுத்தம் இருக்கும்வரைதான் அந்த இளக்கம். கையை எடுத்ததும் பழையபடி ஆகிவிடும். நிலையான மாற்றம் வேண்டுமானால் இன்னும் பலமான விசையோ இன்னும் நெடுநேரமோ தேவை. ஓரிரு நிமிடத்தில் விரலடியில் தட்டுப்படும் தளர்வுக்கு நரம்பு மண்டலத்தில்தான் காரணம் தேடவேண்டும் என்று எழுதினார் அவர்.

ஐந்து ஆண்டு கழித்து, 2008இல், ஹன்ஸ் சௌத்ரி முதன்மை ஆசிரியராக இருந்த ஒரு குழு அமெரிக்க ஆஸ்டியோபதி சங்கத்தின் இதழில் கணித மாதிரி ஒன்றை வெளியிட்டது. அதே ஷ்லைப்பும் அந்தக் குழுவில் உண்டு. தொடையின் வெளிப்புறம் ஓடும் தடித்த ஃபேசியாவை ஒரே ஒரு சதவீதம் அமுக்க எவ்வளவு விசை வேண்டும்? 925 கிலோ எடைக்குச் சமமான விசை. அதே ஒரு சதவீதம் பக்கவாட்டில் நகர்த்த இன்னொரு 460 கிலோ. உள்ளங்கால் ஃபேசியாவுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஒரு சின்ன காரையே தூக்கித் தொடைமேல் நிறுத்தினாலும் ஒரு சதவீதத்தோடு நின்றுவிடும் சமாசாரம் இது. மூக்கின் மேல் இருக்கும் மெல்லிய படலம் மட்டும்தான் கை அழுத்தத்துக்கு இசைந்தது. ஆகவே தீராத மூக்குக் கூனல் உள்ளவர்கள் தாராளமாகக் கட்டுரையாளரிடம் போகலாம்.

அது வெறும் கணக்கு, உடம்பு வேறு என்று அவர் சொல்லக்கூடும். சரி, உடம்புக்கே போவோம்.

பைக்கிலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். காலின் தசைகள் நான்கு அறைகளாக ஃபேசியாச் சுவருக்குள் அடைபட்டவை. அடிபட்ட தசை உள்ளே வீங்குகிறது. வீக்கம் ஏற ஏற அறைக்குள் அழுத்தம் ஏறுகிறது. சுவர் விரிந்து கொடுப்பதில்லை. இரத்தம் போய்வர வழியில்லாமல் சில மணி நேரத்தில் தசை சாகத் தொடங்கும். அப்போது அறுவை மருத்துவர் தோலையும் ஃபேசியாவையும் கெண்டைக்கால் நெடுகக் கீறிவிடுகிறார். கீறிய மறுகணம், அடைபட்டுக் கிடந்த தசை பிதுங்கிக்கொண்டு வெளியே வருகிறது. அன்றைக்கே தைத்து மூடமுடியாது. வீக்கம் வடியும்வரை காயத்தைத் திறந்தே வைத்திருப்பார்கள். சில பேருக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டித்தான் மூடவேண்டியிருக்கும். இந்தக் கால்களை மறுபடி நடக்கப் பழக்குவதற்குத்தான் என்னைப் போன்றவர்களிடம் அனுப்புகிறார்கள். அந்த ஒட்டுத்தோலின் வலைவலையான தழும்பைத் தடவிப் பார்த்தவன் எவனும் ஃபேசியா மெழுகு மாதிரி உருகும் என்று எழுதமாட்டான். உள்ளேயிருந்து மணிக்கணக்காக ஓயாமல் நெட்டித் தள்ளும் தசைக்கே மசியாத சவ்வு, வெளியே தோலையும் கொழுப்பையும் தாண்டி மூன்று நிமிடம் அழுத்தும் கட்டைவிரலுக்கு மசிந்துவிடுமா?

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளட்டும். ஃபேசியா மெய்யாகவே தடித்துச் சுருங்கி உடம்பைக் கோணலாக்கும் நோய் ஒன்று உண்டு. உள்ளங்கைத் தோலுக்கு நேர் கீழே இருக்கும் ஃபேசியா கயிறாகத் திரண்டு மோதிர விரலையும் சுண்டு விரலையும் உள்ளே மடக்கிவிடும். டுப்யூத்ரான் சுருக்கம் என்று பெயர்; 1831இல் பாரிஸில் அதை அறுத்துச் சரிசெய்த மருத்துவரின் பெயர் அது. பிரிட்டிஷ் பிரதமராக இருந்தபோது மார்கரெட் தாட்சருக்கு 1986இல் கையில் அறுவை நடந்ததும் இதற்காகத்தான். கட்டுரையாளரின் கொள்கையைச் சோதிக்க இதைவிட வசதியான இடம் கிடைக்காது. சவ்வு தோலடியிலேயே இருக்கிறது, இரண்டு மூன்று அங்குல நீளம், கட்டைவிரல் நேராகப் படும். ஆனாலும் அதற்கு வைத்தியம் கத்தி, அல்லது ஊசிமுனை, அல்லது சவ்வை அரிக்கும் நொதி மருந்து. தேய்த்துத் தேய்த்து அந்த விரலை யாரும் நிமிர்த்தியதில்லை. உள்ளங்கையில் பலிக்காத வித்தை இடுப்பில் மட்டும் எப்படிப் பலிக்கிறது என்று அவர்தான் விளக்கவேண்டும்.

ஆய்வும் வேண்டாம், ஆஸ்பத்திரியும் வேண்டாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போய் நில்லுங்கள். தொடைக்கறியின் மேல் பளபளவென்று ஒட்டியிருக்கும் ஜவ்வைக் கடைக்காரர் கத்தி நுனியால் கிளப்பி உரித்து எறிகிறார். அதுவும் ஃபேசியாதான். அதைக் கட்டைவிரலால் தேய்த்து உருக்கிய கடைக்காரரை நான் பார்த்ததில்லை. குக்கரில் விசில் விசிலாக விட்ட பிறகும் பல்லுக்குப் பிடிகொடுக்காமல் இழுக்கிற சாமான் அது.

அப்படியானால் கைக்கு அடியில் தளர்வது எது? மயக்க மருந்து நிபுணர்களைக் கேளுங்கள். விழித்திருக்கும்போது தோளை ஓர் அளவுக்கு மேல் தூக்கவிடாத ‘இறுக்கம்’, மருந்து ஏறியதும் பலரிடம் காணாமல் போய்விடும். கை தலைக்கு மேல் போய் விழும். நிஜமான தழும்பும் தீக்காயச் சுருக்கமும் மயக்கத்திலும் அப்படியே நிற்கும். மயக்க மருந்துக்குச் சவ்வைக் கரைக்கத் தெரியாது. அதற்குத் தெரிந்தது மூளையும் நரம்பும் மட்டும்தான். நாள்பட்ட இறுக்கத்தின் பெரும்பங்கு, தசைக்கு நரம்பு மண்டலம் அனுப்பிக்கொண்டே இருக்கும் உத்தரவு. ஃபேசியாவிலும் தோலிலும் தசையிலும் தொடுகையை உணரும் நரம்பு முனைகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் ருஃபினி முனைகள் என்பவை மெதுவான பக்கவாட்டு இழுவைக்கு நன்றாக எழும்பும். பொறுமையான கை அந்த முனைகள் வழியாகச் செய்தி அனுப்புகிறது. உத்தரவு கொஞ்சம் தளர்கிறது. வலி கொஞ்ச நேரத்துக்கு, சிலருக்கு ஓரிரு நாளைக்கு, மட்டுப்படுகிறது. இதோடு, ஓ.பி.யில் இரண்டு நிமிடம்கூடக் காது கிடைக்காத ஒருவருக்கு அமைதியான அறையும் ஒரு மணி நேரம் தன்னையே கவனிக்கும் ஆளும் கிடைப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் மருந்துதான், நான் அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன்.

வலி குறைந்தால் போதாதா, சவ்வோ நரம்போ எதுவாக இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வித்தியாசம் நிறைய இருக்கிறது. சவ்வுதான் உருகுகிறது என்றால் உருக்கத் தெரிந்த ஒரே ஆள் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர். நீங்கள் வெறுமனே படுத்துக் கிடக்கவேண்டும், உருகும்வரை பணம் கட்டவேண்டும். நரம்புதான் தளர்கிறது என்றால் அதைத் தளர்த்த அவர் ஒருவர் மட்டும் இல்லை. நடை தளர்த்தும். உடற்பயிற்சி தளர்த்தும். ராத்திரி நல்ல தூக்கம் தளர்த்தும். வீட்டில் யாராவது வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாலும் தளரும். எந்த விளக்கம் யார் வயிற்றை நிரப்பும் என்பது உங்களுக்கே தெரியும்.

இனி கோணல் விவகாரம். கட்டுரையின் பாதி இதற்கே போயிருக்கிறது. குனிந்து மொபைல் பார்த்தால் கழுத்தின் மேல் 27 கிலோ பாரம் ஏறுகிறது என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார். இந்த எண் 2014இல் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற நியூயார்க் முதுகுத்தண்டு மருத்துவர் கணினியில் போட்ட கணக்கு. தலையை 60 டிகிரி சாய்த்தால் கழுத்துக்கு வரும் பளு. அதில் ஒரு நோயாளியும் கிடையாது, யாருக்கு வலித்தது என்ற கேள்வியும் கிடையாது. பளு இருந்தால் வலி இருக்கும் என்று நாமாகச் சேர்த்துக்கொண்டோம். பளுதான் வலி என்றால் தலையில் செங்கல் சுமக்கும் சித்தாள் பெண்கள் முதல் நாளே வேலையை விட்டு நின்றிருப்பார்கள்.

கேள்வியை முறையாகக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்ட பிள்ளைகளில் 17 வயதான 1,108 பேரை உட்காரவைத்துப் படம் பிடித்து, கழுத்தும் முதுகும் இருந்த வாகை நான்கு வகையாகப் பிரித்தார்கள். 2016இல் முடிவு வந்தது: கூனி உட்கார்ந்தவர்களுக்கும் நிமிர்ந்து உட்கார்ந்தவர்களுக்கும் கழுத்துவலியிலோ தலைவலியிலோ குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. முதுகுக்கும் இதே நிலைதான். உட்காரும் நிற்கும் வாகுதான் இடுப்புவலிக்குக் காரணம் என்று நிறுவ முடியவில்லை என்று 2020இல் ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தவர்கள் எழுதினார்கள். ஒரே வாகில் மணிக்கணக்காக அசையாமல் இருந்தால் வலிக்கும், அது கம்பீரமாக நிமிர்ந்த வாகாக இருந்தாலும் வலிக்கும். அதற்கு எழுந்து நாலு எட்டு நடந்தால் போதும்.

ஒரு கால் குட்டை, இடுப்பு ஒரு பக்கம் ஏற்றம் என்று கண்டுபிடித்துச் சொல்வது இந்தத் தொழிலில் பழைய உத்தி. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு கால்களும் சம நீளமில்லை. சராசரி வித்தியாசம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் என்று 2005இலேயே தொகுத்துச் சொல்லிவிட்டார்கள். உங்களை அளந்தாலும் வரும், என்னை அளந்தாலும் வரும், அளப்பவரை அளந்தாலும் வரும்.

கட்டுரையின் பெரிய முரண்பாடு இங்கேதான் இருக்கிறது. எம்.ஆர்.ஐ.யைக் கேலி செய்கிறார். வலியே இல்லாதவர்களுக்கும் டிஸ்க் தேய்மானம் தெரியும், ஆகவே ஸ்கேனை வைத்து வலிக்குக் காரணம் சொல்வது மோசடி என்கிறார். ஸ்கேனை வைத்து மட்டும் காரணம் சொல்லக்கூடாது என்பது சரிதான், கை தட்டுகிறேன். வலி இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் திரட்டிய 2015 ஆய்வில் 20 வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. 80 வயதினரில் 96 சதவீதம். ஆனால் இதைச் சொன்ன அதே பேனாவால் அடுத்த பத்தியில் என்ன எழுதுகிறார்? ஆளைச் சுவரோரம் நிறுத்திப் போட்டோ எடுத்து, தோள் சாய்ந்திருக்கிறது, தலை முன்னால் வந்திருக்கிறது, இதுதான் வலிக்குக் காரணம் என்கிறார். வலி இல்லாதவனைச் சுவரோரம் நிறுத்தினால் அவன் தோளும்தான் சாய்ந்திருக்கும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் செல்லாத தர்க்கம் மொபைல் போட்டோவில் எப்படிச் செல்லுபடியாகிறது?

அந்த ‘முன்’, ‘பின்’ படங்களையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். முதல் படத்தில் ஆள் தரையைப் பார்க்கிறார், வயிறு தளர்ந்திருக்கிறது, கேமரா அவர் தோள் உயரத்தில். இரண்டாவதில் எதிர்ச் சுவரைப் பார்க்கிறார், மூச்சை இழுத்துப் பிடித்திருக்கிறார், கேமரா இடுப்புக்கு இறங்கியிருக்கிறது. பாதங்கள் வேறு தரைக்கல்லில் நிற்கின்றன. இதற்குப் பத்து அமர்வு எதற்கு? “போட்டோ எடுக்கிறேன்” என்று சொன்னால் நம்மூரில் யாரும் பத்து விநாடியில் இந்த அளவுக்கு நிமிர்ந்துவிடுவார்கள்.

இந்த விளையாட்டில் நோகிறவர்கள் யார் என்றும் சொல்லவேண்டும். ஒரு பள்ளி ஆசிரியை என்னிடம் வந்தார். வேறோர் இடத்தில் இப்படிப் படம் எடுத்துப் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். “இடுப்பு ஒரு பக்கம் ஏறியிருக்காம் சார். குனிஞ்சா இன்னும் பிசகிரும்னு சொன்னாங்க” என்றார். பேசிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து பேனா உருண்டு கீழே விழுந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, முதுகைப் பலகை மாதிரி வைத்துக்கொண்டு, மண்டியிட்டு எடுத்துக் கொடுத்தார். வயது முப்பதைத் தாண்டிக் கொஞ்சம்தான் இருக்கும். வீட்டில் கைக்குழந்தையைத் தூக்குவதை நிறுத்திவிட்டாராம். வலி அவருக்கு முன்பே இருந்தது. பயத்தைக் காசு கொடுத்து வாங்கியிருந்தார். நான் செய்த முதல் வைத்தியம் அந்தப் பேனாவை மறுபடி கீழே போட்டது.

அடுத்து அறிவியல் பெயர்கள். ஹார்வர்டு ஒப்புக்கொண்டதாம். 2007இல் ஃபேசியா ஆய்வுக்கான முதல் உலக மாநாடு பாஸ்டனில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி அரங்கில் நடந்தது, அவ்வளவுதான். அரங்கம் கொடுப்பது சான்றிதழ் கொடுப்பதாகாது. 2018இல் ‘புதிய உறுப்பு’ கண்டுபிடித்தார்கள் என்கிறார். பித்தநாளத்தை நுண்ணோக்கிக் குழாயால் பார்த்தவர்கள், திசுக்களுக்கு இடையில் நீர் நிறைந்த இடைவெளிகள் இருப்பதைக் கண்டு எழுதிய ஆய்வு அது. உறுப்பு என்ற கூப்பாட்டை ஊரெல்லாம் பரப்பியவை செய்தித்தாள்கள். மசாஜைப் பற்றி அதில் ஒரு பரிசோதனையும் இல்லை. 2011இல் ஹெலன் லாஞ்ஜெவான் குழு 121 பேரின் இடுப்பை அல்ட்ராசவுண்டில் பார்த்து, நாள்பட்ட வலி உள்ளவர்களிடம் ஃபேசியா அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவது ஏறத்தாழ 20 சதவீதம் குறைவு என்று கண்டது. நல்ல ஆய்வு. ஆனால் வலியால் அசையாமல் இருந்ததால் வழுக்கல் குறைந்ததா, வழுக்கல் குறைந்ததால் வலி வந்ததா என்று அது சொல்லவில்லை. கையால் அதை மாற்றலாம் என்றும் சொல்லவில்லை. கட்டுரையாளர்தான் அவர்களுக்காக இரண்டையும் சொல்லிவிட்டார்.

ரோல்ஃபிங்கையே நேராகச் சோதித்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அவர் கண்ணில் அது படவில்லையா, பட்டும் விட்டுவிட்டாரா தெரியாது. பாஸ்டனில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 46 பேர். எல்லாருக்கும் வழக்கமான சிகிச்சை, பாதிப்பேருக்கு அதோடு பத்து அமர்வும். 2015இல் வந்த முடிவு: வலி அளவில் இரண்டு கூட்டத்துக்கும் உறுதியான வித்தியாசம் இல்லை, அன்றாட வேலைகளைச் செய்வதில் மட்டும் பத்து அமர்வுக்காரர்கள் ஓரளவு முன்னேறினார்கள். நேர்மையான, அடக்கமான முடிவு. இன்னும் பெரிதாகச் செய்து பார்க்கலாம் என்று தோன்றவைப்பது. பொதுவாக மசாஜ் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு அதே ஆண்டு வந்தது: 25 சோதனைகள், 3,096 பேர். சும்மா இருந்தவர்களோடு ஒப்பிட்டால் குறுகிய காலத்துக்கு வலி குறைகிறது, அதுவும் சான்று பலவீனம். நீண்ட காலப் பலன் தெரியவில்லை. ஆஸ்திரேலிய அரசோ ஆய்வு செய்து பார்த்துவிட்டு, 2019 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் காப்பீட்டுச் சலுகை பெறாத 16 இயற்கைச் சிகிச்சைகளின் பட்டியலில் ரோல்ஃபிங்கையும் போட்டது. ‘வலி திரும்பாது’ என்ற வாக்குறுதிக்கு இவற்றில் எங்கே ஆதாரம்?

சித்தர்களைப் பற்றி நீட்டவேண்டாம். சித்த மருத்துவத்தில் தொக்கணம் இருக்கிறது, தட்டல், இறுக்கல், பிடித்தல் என்று ஒன்பது வகையாக அதைப் பிரித்திருக்கிறார்கள். அதற்கென்று தனிக் கருத்துலகம் உண்டு. வாதம், பித்தம், கபம் என்று பேசும் அந்த நூல்களை அமெரிக்க ஃபேசியாவுக்கு முன்னுரையாக மாற்றுவது அவற்றுக்கு மரியாதை ஆகாது. இந்திய வேர் வேண்டும் என்று அவ்வளவு ஆசையானால், ஐடா ரோல்ஃப் யோகா கற்றது நியூயார்க் மாநிலத்தின் நையாக்கில், பியர் பெர்னார்டு என்ற அமெரிக்கரிடம். அங்கே போய்த் தேடட்டும். பழைய துக்கமெல்லாம் ஃபேசியாவில் தங்கியிருக்கிறது, அழுத்தினால் அழுகையாக வெளியே வரும் என்பதற்கும் இரண்டு வரி போதும். முழங்கையால் விலாவில் அமுக்கினால் யாருக்கும் அழுகை வரும்.

சிரித்துவிட்டுப் போகமுடியாத இடத்துக்கு இப்போது வருகிறேன். ‘வலித்தால்தான் வேலை செய்கிறது, தாங்கிக்கொள்ளுங்கள்’ என்று எழுதியிருக்கிறார். காக்ரேன் தொகுப்பிலேயே மசாஜால் வலி கூடியவர்கள், ஆய்வுக்கு ஆய்வு, 1.5 முதல் 25 சதவீதம் வரை இருக்கிறார்கள். இதயத்துக்காகவோ பக்கவாதத்துக்காகவோ இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவரை முழங்கையால் தேய்த்தால் உள்ளே இரத்தம் கட்டும். எலும்பு மெலிந்த பாட்டியின் விலா தாங்காது. சர்க்கரை நோயால் கால் மரத்தவருக்கு எவ்வளவு அழுத்துகிறார்கள் என்றே தெரியாது. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, கெண்டை வலித்தால் அது நாளத்தில் இரத்தம் உறைந்ததாக இருக்கலாம். அதைத் தேய்ப்பது உயிரோடு விளையாடுவது. இந்த நான்கில் ஒன்றைப் பற்றியாவது அவ்வளவு நீளக் கட்டுரையில் ஒரு வரி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

கடைசிப் பத்தியில் ‘ஸ்கேனுக்கு ஓடாதீர்கள், முதலில் மேசைக்கு வாருங்கள்’ என்று வாசகர்களை அழைத்திருக்கிறார். எனவே வாசகர்களுக்கு ஒன்று. சாதாரண இடுப்புவலிக்கு ஸ்கேன் வேண்டாம்தான். பெரும்பாலும் சில வாரங்களில் மட்டுப்படும், நடமாட்டத்தை விடாதீர்கள், பிடித்தவர் கையால் பிடித்துவிட்டுக்கொள்வதிலும் தப்பில்லை. ஆனால் இடுப்புவலியோடு சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போனால், அல்லது வராமல் நின்றால், தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனால், காலில் பலம் குறைந்துகொண்டே வந்தால், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மறுநாள் வரை வைத்துக்கொள்ளக் கூடாது. காய்ச்சலோ, காரணமில்லாத எடைக்குறைவோ, முன்பு வந்த புற்றுநோயோ, விழுந்த அடியோ, படுத்தாலும் குறையாமல் இரவில் எழுப்பும் வலியோ இருந்தால் முதலில் டாக்டர் பார்க்கவேண்டும். இவற்றில் எதையும் கேட்காமல் உங்களைக் குப்புறப் படுக்கச் சொல்கிறவரிடம் படுக்காதீர்கள்.